சாகுபுரம் வட்டாரத்தின் மறைந்த ரயில்களும் பேருந்துகளும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் கடற்கரைச் சாலையில், ஆறுமுகநேரியையும் காயல்பட்டினத்தையும் ஒட்டி அமைந்துள்ள தொழிற்குடியிருப்பு சாகுபுரம். 1950களின் இறுதியில் இங்கு தொடங்கப்பட்ட தாரங்கதாரா இரசாயனத் தொழிற்சாலையை (இன்றைய டி.சி.டபிள்யூ.) நடத்திய சாகு குடும்பத்தின் பெயரே ஊருக்கும் அமைந்தது. ஊர் புதிது. ஆனால் அது அமைந்த நிலம் பழைய போக்குவரத்து வழிகள் பலவற்றைக் கண்டது. இலங்கைக் கப்பலுக்கு ஆள் கொண்டுசென்ற போட் மெயில், கருப்பட்டி சுமந்த குலசேகரன்பட்டினம் சிறு ரயில், நெல்லை–திருச்செந்தூர் மீட்டர் கேஜ் வண்டி, கரிப் புகை கக்கிய போர்க்காலப் பேருந்து, "கட்டபொம்மன்" என்று பெயர் எழுதிய அரசுப் பேருந்து ஆகிய யாவும் இப்பகுதியில் ஓடி மறைந்தவை.

இவற்றைப் பற்றிய ஏக்கம் இம்மாவட்டத்து முதியவர்களின் பேச்சில் இன்றும் உண்டு. அந்த ஏக்கத்தில் ஒரு முரண் இருக்கிறது. ஆங்கிலேயர் காலச் சிறு ரயில்களின் பயணிகளைப் பறித்துக்கொண்ட வண்டி என்று பேருந்து ஒரு காலத்தில் பேசப்பட்டது. பிறகு அந்தப் பழைய பேருந்தும் மறைந்து, அதற்காகவும் மனிதர்கள் ஏங்கத் தொடங்கினர்.

போட் மெயில்

தென்னிந்திய ரயில்வே நிறுவனம் மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு 1876 இல் மீட்டர் கேஜ் பாதையைத் திறந்தது. பருத்தி ஏற்றுமதி அதற்கு ஒரு காரணம். கொழும்பு மற்றொரு காரணம். சென்னையிலிருந்து வரும் அஞ்சல் வண்டி தூத்துக்குடியில் பயணிகளை இறக்கும். அன்றைய தூத்துக்குடிக் கடல் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவிலேயே நங்கூரமிடும். எனவே பயணிகள் சிறு நீராவிப் படகில் ஏறி, அலையில் ஆடியபடி சென்று கப்பலில் ஏற வேண்டும். அடுத்த நாள் கொழும்பு. ரயிலும் கப்பலும் சேர்ந்த இந்தப் பயணமே "போட் மெயில்" எனப் பெயர் பெற்றது.

கொழும்புக் கப்பல் வழி பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாகவே வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 இல் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, காலியா, லாவோ என்னும் கப்பல்களைக் கொண்டுவந்தார். ஆங்கில நிறுவனம் கட்டணத்தைத் தாறுமாறாகக் குறைத்தது. 1908 இல் வ. உ. சி. சிறைப்பட்டபின் சுதேசிக் கப்பல்கள் நிலைக்கவில்லை. 1911 ஜூன் 17 அன்று ஆட்சியர் ஆஷ், மணியாச்சி சந்திப்பில் போட் மெயிலுக்காகக் காத்திருந்த பெட்டியில்தான் வாஞ்சிநாதனால் சுடப்பட்டார். அந்நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி எனப்படுகிறது.

போட் மெயிலைப் பற்றி எழுதப்படும் நினைவுக் குறிப்புகள் பெரும்பாலும் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்தே எழுதப்படுகின்றன. மூன்றாம் வகுப்பில் போனவர்கள் வேறு ஆட்கள். அவர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிக்கொண்டு போன கூலித் தொழிலாளர்கள். தூத்துக்குடிக்கு முன்னாலுள்ள தட்டப்பாறையில் இவர்களுக்கென நோய்த் தடுப்பு முகாம் இருந்தது. காலரா, பெரியம்மை அச்சத்தால் அங்கு தங்கவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பிறகே கப்பலேற விடப்பட்டனர். இன்று தட்டப்பாறை வழியாக முத்துநகர் விரைவு வண்டியில் கடந்து போகிறவர்களில் இதை அறிந்தவர் குறைவு.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் அஞ்சலும் பெரும்பாலான பயணிகளும் தனுஷ்கோடி–தலைமன்னார் வழிக்கு மாறினர். போட் மெயில் என்ற பெயரும் அவ்வழியே போயிற்று. சென்னை–இராமேசுவரம் வண்டியை இன்றும் மக்கள் அப்பெயராலேயே அழைக்கின்றனர். தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் அழித்தது. தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பலை மீண்டும் ஓட்டும் முயற்சி 2011 ஜூனில் நடந்தது. பழைய வழி மீண்டுவிட்டதாகப் பலரும் மகிழ்ந்தனர். போதிய பயணிகள் இல்லாமல் அதே ஆண்டு நவம்பரில் அக்கப்பல் நின்றது. ஏக்கம் கொண்ட எல்லோரும் பயணச்சீட்டு வாங்குவதில்லை.

குலசேகரன்பட்டினம் சிறு ரயில்

இவ்வட்டாரத்தின் மறைந்த ரயில்களில் மிகத் தனித்தன்மையுடையது இதுவே. மிகவும் மறக்கப்பட்டதும் இதுவே.

திருச்செந்தூருக்குத் தெற்கே உடன்குடி, குலசேகரன்பட்டினம், தட்டார்மடம், திசையன்விளை வரை பரந்து கிடப்பது பனங்காடு. ஊடே செம்மணல் குன்றுகளான தேரிகள். பதநீர் இறக்கும் பருவத்தில் இங்கு வீட்டுக்கு வீடு கருப்பட்டி காய்ச்சப்படும். அதைக் கொண்டு சீனி தயாரிக்கும் ஆலையைக் கிழக்கிந்திய வடிசாலைகள் மற்றும் சர்க்கரை ஆலைகள் என்ற நிறுவனம் குலசேகரன்பட்டினத்தில் நடத்திவந்தது. நிர்வாகம் சென்னை பாரி கம்பெனியுடையது. கடைகளில் இன்று விற்கும் "பாரி" சீனியின் நிறுவனப் பெயரில் முன்னால் நிற்கும் இ.ஐ.டி. என்ற எழுத்துகள் அந்தப் பழைய வடிசாலை நிறுவனத்தைக் குறிப்பவையே.

தேரி மணலில் மாட்டு வண்டி அச்சு வரை புதையும். பருவம் குறுகியது, கருப்பட்டியோ மழை ஈரம் பட்டால் இளகிவிடும். ஆலைக்குச் சரக்கு தடையின்றி வந்து சேர வேண்டும் என்பதற்காக, முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தை ஒட்டி, அந்நிறுவனமே ஒரு குறும்பாதையை அமைத்தது. அதன் தண்டவாள இடைவெளி வெறும் 2 அடி, அதாவது ஏறத்தாழ 610 மில்லிமீட்டர். இன்றைய அகலப் பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர் என்பதை ஒப்பிட்டால் அதன் சிறுமை விளங்கும். இத்தகைய குறும்பாதைக்கு எடை குறைந்த தண்டவாளம் போதும். கனத்த மண்கரை எழுப்ப வேண்டியதில்லை. மணல் மேடு குறுக்கிட்டால் வெட்டாமல் வளைந்து போகலாம். செலவு குறைவு என்பதாலேயே உலகெங்கும் தோட்டங்களும் சுரங்கங்களும் ஆலைகளும் இவ்வகைப் பாதையை விரும்பின. குறை என்னவென்றால், வேகமும் சுமையும் குறைவு. சரக்கைப் பெரிய பாதைக்கு மாற்ற வேண்டுமானால் மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்ற வேண்டும்.

திசையன்விளையிலிருந்து குலசேகரன்பட்டினம் வந்து, அங்கிருந்து திருச்செந்தூர் வரை நீண்ட இப்பாதையின் மொத்த நீளம் ஏறத்தாழ 27 மைல். ஆலைக்காகப் போடப்பட்டாலும் இது பயணிகளையும் ஏற்றியது. சந்தைக்குப் போகிறவர்கள், செந்தூர் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள், குலசை முத்தாரம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் என்று பனங்காட்டு மக்களுக்கு ரயில் ஏறும் வாய்ப்பு முதன்முதலாகக் கிட்டியது. நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்குப் பெரிய பாதை 1923 இல் வந்து சேர்ந்ததும், திருச்செந்தூரில் இரண்டு அளவுப் பாதைகள் அருகருகே நின்றன. அந்தச் சிறிய கோயில் நகரம் ஏறத்தாழ 17 ஆண்டுகள் இரட்டை ரயில் ஊராக இருந்தது.

1930களில் நாடெங்கும் சிறு ரயில்கள் திணறின. மோட்டார்ப் பேருந்து வீட்டு வாசலுக்கே வந்தது. கை காட்டிய இடத்தில் நின்றது. இருப்புப்பாதைக்கும் சாலைக்கும் இடையிலான இப்போட்டியை ஆராய மிட்செல்–கர்க்னஸ் என்ற இரு அதிகாரிகளைக் கொண்ட குழுவை இந்திய அரசு அமைக்கும் அளவுக்கு ரயில்களின் இழப்பு பெரிதாயிற்று. பேருந்துகளை முறைப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 1939 இல் வந்தது. குலசேகரன்பட்டினம் ரயில் 1940 இல் நிறுத்தப்பட்டது. பாதை பிரிக்கப்பட்டது. அதன் பின் திசையன்விளைக்கும் உடன்குடிக்கும் குலசைக்கும் ரயில் என்பதே இல்லை. தசரா நாட்களில் குலசேகரன்பட்டினத்தில் இலட்சக்கணக்கில் கூடும் மக்கள் இன்று சாலை வழியாகவே அங்கு வந்து சேருகின்றனர்.

நெல்லை–திருச்செந்தூர் மீட்டர் கேஜ்

சாகுபுரத்தாருக்கு நேரடியாகத் தொடர்புடைய ரயில் இதுதான்; அவர்களின் நிலையம் ஆறுமுகநேரி. ஏறத்தாழ 61 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வழியாகத் திருச்செந்தூரை அடைகிறது. நவதிருப்பதிப் பெருமாள் தலங்கள், நாசரேத்தின் கிறித்தவப் பள்ளிகள், காயல்பட்டினத்தின் பள்ளிவாசல்கள், கடைசியில் முருகன் கோயில் என்று மூன்று சமயத்தாரும் ஒரே பெட்டியில் அமர்ந்து போகும் பாதை இது. தாமிரபரணிப் பாசனத்து வாழைத் தோட்டங்களில் தொடங்கி ஆறுமுகநேரி உப்பளங்களில் முடியும் காட்சி மாற்றத்தை அதில் பயணித்தவர்கள் மறப்பதில்லை.

ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் மோதாமலிருக்க அன்று கையாண்ட முறை எளிமையானது. இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்குரிய டோக்கன் கையில் இருந்தாலன்றி ஓட்டுநர் வண்டியை எடுக்கக் கூடாது. இரு நிலையங்களின் கருவிகளும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு டோக்கன் மட்டுமே வெளியே வரும். பிரம்பு வளையத்தில் கட்டிய பையில் டோக்கனை வைத்து நிலைய ஊழியர் நீட்ட, வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதே இன்ஜின்காரர் அதைத் தோளில் வாங்கிக்கொள்வார். பள்ளிப் பிள்ளைகள் நடைமேடையில் வேடிக்கை பார்க்க நின்றது இதற்காகவே. கைகாட்டி மரம் சாய்வதும், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் மணி அடிப்பதும், தேதி முத்திரை குத்திய தடித்த அட்டைச் சீட்டும் அக்காலத்தின் அடையாளங்கள். அந்த அட்டைச் சீட்டு 1830களில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற நிலைய அலுவலர் உருவாக்கியது. பிரிட்டனில் அது வழக்கொழிந்த பின்னும் இந்தியாவில் பல ஆண்டுகள் நீடித்தது.

நீராவி இன்ஜின்கள் போய் டீசல் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக வண்டிகள் நிறுத்தப்பட்டு, 2008 இல் புதிய பாதை திறக்கப்பட்டது. இப்போது சென்னைக்கு நேரடியாகச் செந்தூர் விரைவு வண்டி ஓடுகிறது. முன்பு கிடைக்காத வசதி அது. மீட்டர் கேஜ் போனதில் வருந்துகிறவர்களும் அவ்வண்டியில்தான் சென்னை போகிறார்கள்.

பேருந்துகள்

தமிழகத்தில் முறையான பேருந்துப் போக்குவரத்தின் தொடக்கமாக டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1910களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்–புதுக்கோட்டை இடையே நடத்திய பேருந்தைக் குறிப்பிடுவர். பின்னர் மதுரையை மையமாகக் கொண்டு வளர்ந்த டி.வி.எஸ். பேருந்துகளின் நேரந்தவறாமை தென் மாவட்டங்களில் பழமொழி போலவே பேசப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீடு வந்ததும் பேருந்துகளின் பின்னால் கரி அடுப்பு பொருத்தினார்கள். கரி குறைந்த காற்றில் எரியும்போது வெளிப்படும் வாயு இன்ஜினை ஓட்டும். புறப்படுமுன் ஒருவர் விசிறியைச் சுற்றி அடுப்பை மூட்ட வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். "கரி பஸ்" என்ற சொல் இன்று கேலியாகவும் கனிவாகவும் சொல்லப்படுகிறது. அன்று அதில் போனவர்களின் சட்டையைத் துவைத்தவர்களுக்கு அந்தக் கனிவு இருந்திருக்காது.

பெரிய தனியார் பேருந்து நிறுவனங்கள் 1970களின் தொடக்கத்தில் நாட்டுடைமையாயின. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் 1972 இலும், அதிலிருந்து பிரிந்து நெல்லைப் பகுதிக்குக் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் 1974 இலும் தோன்றின. ரயில் தொடாத ஊர்களுக்குள் இவை புகுந்தன. இரவு ஊரில் தங்கி விடியற்காலையில் புறப்படும் கடைசிப் பேருந்து, ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் உணவு கொடுத்த வீடுகள், வெளியூர் மருந்து வாங்கிவரச் சொல்லி நடத்துநரிடம் காசு கொடுத்தனுப்பும் வழக்கம் ஆகியவை இக்காலத்தவை. சாகுபுரம் ஆலையின் வேலை நேர மாற்றத்தை ஒட்டியே பேருந்து நேரங்களையும் அறிந்து வைத்திருந்த தலைமுறை ஒன்றுண்டு.

1997 இல் விருதுநகர் பகுதிக்கான புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மனின் படைத்தளபதியான அவர் இம்மாவட்டத்துக் கவர்னகிரியைச் சேர்ந்தவர், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். அப்பெயரை எதிர்த்துச் சாதிக் கலவரம் வெடித்தது. முடிவில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின், மாவட்டங்களின் தலைவர் பெயர்களையும் நீக்கிவிட்டது. கட்டபொம்மன் பேருந்து "தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்" ஆயிற்று. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று. பழைய பேருந்தின் பெயரை நினைத்து ஏங்குகிறவர்கள், அப்பெயர் ஏன் போயிற்று என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

ஏக்கம் எதை விட்டுவிடுகிறது

பழைய ரயில் மீதான ஏக்கத்தை ஓர் இயக்கமாகவே வளர்த்த நாடு பிரிட்டன். 1963 இல் ரிச்சர்டு பீச்சிங் அளித்த அறிக்கை 2,300க்கு மேற்பட்ட நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடப் பரிந்துரைத்தது. அதில் பெரும்பகுதி நிறைவேறியது. கிராமத்து ரயிலை இழந்த தலைமுறையின் துயரம் அங்கு தன்னார்வச் சங்கங்களாக மாறியது. அதற்கு முன்பே 1951 இல், வேல்சு நாட்டின் தாலிலின் என்னும் குறும்பாதையைத் தன்னார்வலர்கள் ஏற்று ஓட்டத் தொடங்கியிருந்தனர். லண்டனில் பின்புறம் திறந்த ரூட்மாஸ்டர் மாடிப் பேருந்து 2005 டிசம்பரில் வழக்கமான சேவையிலிருந்து விடைபெற்றபோது அதைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. தாலிலின் பாதையும் குலசேகரன்பட்டினம் பாதையும் அளவில் ஏறத்தாழ ஒன்றே. ஒன்று சுற்றுலா ரயிலாக ஓடுகிறது. மற்றதன் தண்டவாளங்கள் எஞ்சவில்லை. காக்கும் பொருளும் ஓய்வும் அங்கு இருந்தன என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், அந்த ரயில் அவர்களுடையதாக இருந்தது. இங்கு அது கம்பெனியின் ரயில்.

மேலும் ஒன்று. தென்னிந்திய ரயில்வே நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணருக்கும் மற்றவர்க்கும் தனித்தனி இடம் இருந்தது. பெரியாரின் நெடிய எதிர்ப்புக்குப் பின் 1941 இல்தான் அந்தப் பிரிவினை நீங்கியது. மூன்றாம் வகுப்பின் அவலம் பற்றிக் காந்தி 1917 இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். அவ்வகுப்பு 1974 வரை நீடித்தது. தனியார் பேருந்துகள் சிலவற்றில் ஒடுக்கப்பட்டோரை ஏற்றவே மறுத்தனர். 1920களின் இறுதியில் அண்டை இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராயிருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என ஆணையிட்ட பிறகே அங்கு நிலைமை மாறியது. எனவே "அந்தக் காலத்துப் பேருந்தில் எல்லோரும் ஒன்றாகப் போனோம்" என்ற நினைவு, யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.

இன்றைய நிலை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, ஏறத்தாழ 800 பயணிகளுடன் திருவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றது. அப்பால் பாதையின் அடிமண் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அருகிலிருந்த கிராம மக்கள் சமைத்துக் கொடுத்தனர். ஹெலிகாப்டரில் உணவு போடப்பட்டது. 2024 ஜனவரியில் ரயில் மீண்டும் ஓடியது. அதே ஆண்டு பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதள வளாகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கருப்பட்டி ரயில் ஓடிய ஊரிலிருந்து சிறு செயற்கைக்கோள் ஏவுகலங்கள் புறப்படவிருக்கின்றன. ஊருக்கு மட்டும் இன்னும் ரயில் இல்லை.

தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையேகூட நேரடிப் பாதை இல்லை. சாலை வழி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ரயிலில் போக வேண்டுமானால் வாஞ்சி மணியாச்சிக்கும் திருநெல்வேலிக்கும் போய் நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். ஆகவே சாகுபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போகிறவர்களுக்கு இன்றும் பேருந்துதான் வழி. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், காலை நேரத்தில் இச்சாலையின் பேருந்துகளில் உப்பளத்துக்கும் சந்தைக்கும் போகும் பெண்களே மிகுதி.